கண் சாலையில், கை குமிழில்
வாசகர் கேள்வி – பதில்

காரில் ஸ்டீரியோ பொருத்துவதும் பழுது பார்ப்பதும் 26 ஆண்டுகளாக என் தொழில். கேசட் காலத்தில் கைவேலை கற்றுக்கொண்டேன். சிடி வந்தது, போனது. இப்போது எல்லாரும் கேட்பது தொடுதிரை. சென்ற இதழில் ஸ்பீக்கர் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடுதிரையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பழைய ரேடியோவை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைக்க நினைக்கிறேன். கடையில் ‘ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ’ என்கிறார்கள். என் மகனோ, ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ இருப்பதை மட்டும் வாங்குங்கள்’ என்கிறான். இரண்டும் ஒன்றுதானே? – ஓர் ஆசிரியை

ஒன்றல்ல, அம்மா. பெயர்தான் ஒட்டி நிற்கிறது, பொருள் வேறு. உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்பது டாஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லெட். பிராசஸர், ராம், சேமிப்பிடம் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. செயலிகளை அதிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று தனியாக இணையம் வேண்டும். சிம் போட வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வேலை செய்வது உங்கள் போன். ஸ்டீரியோ திரையாகவும் ஒலிக்கும் கருவியாகவும் மட்டும் நிற்கிறது. வரைபடமும் பாட்டும் அழைப்பும் போனில் ஓடி, வண்டி ஓட்டுபவருக்கு ஏற்றபடி பெரிய எழுத்தில், சில பொத்தான்களோடு திரைக்கு வருகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை ஆப்பிள் கார்பிளே செய்கிறது. இந்தப் பெயர்களில் இரண்டுமே 2014-இல் அறிவிக்கப்பட்டவை.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டேப்லெட்டுக்கு வயதாகும். வாங்கிய அன்று சுறுசுறுப்பாக இருப்பது மூன்றாம் ஆண்டில் வரைபடத்தைத் திறக்கவே திணறும். போனை நாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். டாஷ்போர்டைப் பிரித்து ஸ்டீரியோவை யாரும் அப்படி மாற்றுவதில்லை. வேலையைப் போனிடம் விட்டுவிட்டால், போன் புதிதாகும்போதெல்லாம் காரும் புதிதாகிறது. என்னிடம் யோசனை கேட்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோதான் வேண்டும் என்பவர்களுக்கும் தகுந்த காரணம் இருக்கலாம். போன் இல்லாமலே வரைபடம் ஓட வேண்டும், வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள் என்றால் அது வசதி. அப்போது பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். ‘ஆண்ட்ராய்டு 13’ என்று அமைப்புகள் பக்கத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை மாற்றி எழுதுவது எளிது. சிபியு-இசட் போன்ற சோதனைச் செயலி ஒன்றை நிறுவி, ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய ஏபிஐ எண்ணைப் பாருங்கள். 33 என்றிருந்தால் உண்மையிலேயே ஆண்ட்ராய்டு 13. 29 என்றிருந்தால் அது ஆண்ட்ராய்டு 10; மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. ராம் அளவிலும் இதே வேலை நடக்கிறது. கடைக்காரர் சோதிக்க விடவில்லை என்றால் அந்தப் பொருளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்பிளேயும் கூடுதல் செயலி வழியாக வருகின்றன. சில நன்றாக ஓடும், சில நடுவழியில் அறுந்துபோகும். எதை வாங்கினாலும் உங்கள் போனையே கொண்டுபோய்க் கடையில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தைத் தொடங்குங்கள், பாட்டைப் போடுங்கள், மகனை அழைக்கச் சொல்லுங்கள். பேசி முடித்த பிறகு பாட்டு தானாக விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, வரைபடத்தின் குரல் மீண்டும் வருகிறதா என்று கவனியுங்கள். குறைபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தலைகாட்டும்.

வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேண்டுமென்றால் போனில் பொதுவாக ஆண்ட்ராய்டு 11-ம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருக்க வேண்டும். வயரில் இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இணைப்பு அடிக்கடி அறுந்தால் ஸ்டீரியோவைக் குறை சொல்வதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவு வயரால் புதுக் கருவியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்கள் உண்டு.

கேள்வி: 7 அங்குலமா, 9 அங்குலமா, 10 அங்குலமா? – பலர்

முதலில் டாஷ்போர்டில் இருக்கும் குழியை அளந்துகொள்ளுங்கள். கார் ரேடியோவின் முகத்துக்கு ஐ.எஸ்.ஓ 7736 என்ற உலக அளவு இருக்கிறது. ஒற்றை டின் என்றால் 180 மி.மீ அகலம், 50 மி.மீ உயரம். இரட்டை டின் என்றால் உயரம் 100 மி.மீ. டொயோட்டா கார்கள் பலவற்றில் குழி 200 மி.மீ அகலம். இரட்டை டின் குழிக்குள் அடங்குவது 7 அங்குலத் திரை. 9, 10 அங்குலத் திரைகளுக்கு அந்தந்தக் கார் மாடலுக்கென்றே செய்த சட்டம் (ஃபிரேம்) வேண்டும்.

அந்தச் சட்டத்தை வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் நெளிந்திருந்தால், கார் ஓடும்போது கிறீச்சென்று பேசிக்கொண்டே இருக்கும். ஒற்றை டின் குழியிலிருந்து தண்டு நீட்டி, முன்னால் பெரிய திரை மிதப்பதுபோல ஒரு வகை வருகிறது. அதை வைக்கும்போது இரண்டைப் பார்த்தே தீர வேண்டும்: நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும் அபாய விளக்குப் பொத்தான் மறைகிறதா, ஏசி காற்று வரும் வாய் அடைபடுகிறதா. குளிர்காற்றின் வழியை அடைத்தால் திரையும் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து காய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், 9 அங்குலத்துக்கு மேல் பெரும்பாலான கார்களுக்குத் தேவையில்லை. அளவைவிடத் தெளிவும் வெளிச்சமும் முக்கியம். 1024×600 புள்ளிகள் உள்ள 10 அங்குலத் திரையைவிட 1280×720 உள்ள 9 அங்குலத் திரையில் தெருப்பெயர் நன்றாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையைக் கேளுங்கள். ஓட்டுபவர் எப்போதும் திரையைச் சாய்வாகத்தான் பார்க்கிறார். கூலிங் கிளாஸ் அணிபவர்கள் அதையும் மாட்டிக்கொண்டு பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சில திரைகள் பாதி இருண்டுவிடும்.

கேள்வி: என் காரில் வந்த ரேடியோ நாலு ஸ்பீக்கருக்கும் தலா 20 வாட். புதிதாகப் பார்த்த ஸ்டீரியோவில் தலா 50 வாட் என்று போட்டிருக்கிறது. சத்தம் இரண்டரை மடங்கு கூடுமா? – கல்லூரி மாணவர்

கூடாது, தம்பி. இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு இந்த எண் உங்களை மயக்காது.

கார் ஓடும்போது மின் அழுத்தம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்பிளிஃபயர் சில்லு அந்த 14.4 வோல்ட்டுக்கு மேல் எதையும் தர முடியாது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் சுமார் 52. பெட்டியில் இருக்கும் ‘50 வாட்’ இந்த உச்ச எண்தான். அலை முழுவதும் வெட்டுப்பட்டு, பாட்டு கரகரவென்று சிதையும் நிலையில் வருவது அது. சிதையாத அலைக்கு அதில் பாதிதான் கணக்கு, அதாவது 26 வாட். சில்லுக்குள் கொஞ்சம் இழப்பும் உண்டு. ஆகவே நல்ல ஸ்டீரியோக்கள் உண்மையில் தருவது 18 முதல் 22 வாட். உங்கள் பழைய ரேடியோவில் இருந்த 20 என்ற எண் நேர்மையான எண்ணாகவே இருந்திருக்கலாம்.

ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று குறிப்பிட்ட எண்ணைப் பாருங்கள். சிடிஏ-2006 என்ற தரமுறைப்படி அளந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவில்லாமல் என்று அதில் விதி இருக்கிறது. இன்னொன்று, வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது நல்ல ஒலி என்றால், முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றுங்கள். கதவின் உள்தகட்டில் அதிர்வு தாங்கும் பட்டை ஒட்டுங்கள். பிற்காலத்தில் தனி ஆம்பிளிஃபயர் சேர்க்கும் எண்ணம் இருந்தால், ஸ்டீரியோவின் பின்னால், ஆம்பிளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் ஆர்சிஏ வெளியீடு 4 வோல்ட் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 2 வோல்ட் இருப்பதைவிட அதில் இரைச்சல் குறைவாகத் தெரியும்.

கேள்வி: புது ஸ்டீரியோவில் அழைப்பு வந்தால், மறுமுனையில் இருப்பவர் ‘கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாயா?’ என்கிறார். கருவி மோசமா? – விற்பனைப் பிரதிநிதி

பெரும்பாலும் கருவி மோசமில்லை. மைக் இருக்கும் இடம் மோசம்.

திரையின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் கருவியோடு வரும் உள்மைக். அது உங்கள் வாயிலிருந்து ஒரு கை தூரத்துக்கு அப்பால், ஏசி காற்று வரும் வாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காற்றின் ஓசைதான் அதற்கு முதலில் கேட்கும். பெட்டியில் ஒரு சிறு வெளிமைக்கும் வயரோடு இருந்திருக்கும். அவசரமாகப் பொருத்துபவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். கையுறைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இன்றே திறந்து பாருங்கள்.

ஓட்டுநர் பக்கத் தூணின் உச்சியிலோ, ஸ்டீயரிங் தண்டின் மேல்மூடியிலோ அதை வையுங்கள். தூண் வழியாக வயர் கொண்டுபோனால், அதற்குள் காற்றுப்பை இருக்கிறதா என்று பார்த்து, பையின் பின்புறமாகவே கொண்டுபோக வேண்டும். முன்னால் போனால் பை விரியும்போது தடுக்கும். நான் வேலை முடித்ததும் வாடிக்கையாளரை வெளியே நிறுத்தி என்னை அழைக்கச் சொல்வேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி விசிறியை மூன்றில் வைத்து, ஒன்று முதல் இருபதுவரை மெதுவாக எண்ணுவேன். எண்களில் ஒன்றுகூட விழுங்கப்படாமல் அவருக்குக் கேட்ட பிறகுதான் டாஷ்போர்டின் கடைசித் திருகை முடுக்குவேன்.

கேள்வி: தொடுதிரை பொருத்திய பிறகு காரை நான்கு நாள் நிறுத்தினால் ஐந்தாம் நாள் கிளம்புவதில்லை. பேட்டரி புதிது. இரண்டு முறை சார்ஜ் ஏற்றிவிட்டேன். – ஓய்வு பெற்ற அலுவலர்

ஐயா, பேட்டரியை மாற்றாதீர்கள். இதே நிலையில் சென்ற ஆண்டு ஒரு கார் என்னிடம் வந்தது. அதில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன்.

காரை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டியதுபோல வைத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின் முனையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவையில் தொடராக மாட்டினேன். முதல் சில நிமிடங்களில் எண் ஏறி இறங்கும். காரின் சிறு கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும் நேரம் அது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். அந்தக் காரில் 0.41-இல் நின்றது. ஸ்டீரியோவின் ஃபியூஸை உருவினேன். எண் 0.03-க்கு விழுந்தது.

கணக்குப் போடுங்கள். 0.41 ஆம்பியர் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி. காரில் இருந்தது 45 ஆம்பியர்-மணி பேட்டரி. நான்கு நாளில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். என்ஜினைச் சுழற்றும் வலு அதற்கு முன்பே போய்விடும்.

திரையை வெளியே எடுத்து, பின்னால் இருந்த கறுப்பு நாடாவைப் பிரித்தேன். மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. மஞ்சள் என்பது எப்போதும் இருக்கும் 12 வோல்ட். நினைவில் வைத்த நிலையங்களும் நேரமும் அழியாமல் இருக்க அது வேண்டும். சிவப்பு என்பது சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். சிவப்பைப் பார்த்துத்தான் ஸ்டீரியோ ‘கார் நின்றுவிட்டது, தூங்கலாம்’ என்று தெரிந்துகொள்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அதற்கு இரவு பகல் தெரியாது. பொத்தானை அழுத்தித் திரையை அணைத்துவிடும்படி அந்த உரிமையாளருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருண்டது திரை மட்டும்தான். உள்ளே பிராசஸர் விழித்துக்கொண்டேதான் இருந்தது.

பொருத்தியவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் எனக்குப் புரிந்தது. புதிய கார்கள் பலவற்றில் ரேடியோ கப்ளரில், அதாவது வயர்கள் சேரும் செருகியில், சாவி மின்சாரம் என்று தனி வயரே கிடையாது. சாவி திரும்பிய செய்தி கேன் பஸ் என்னும் இரண்டு மெல்லிய வயர்களில் எண்களாக வருகிறது. போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய முறை அது. அந்தச் செய்தியைப் படித்து, சிவப்பு வயருக்கு மின்சாரம் கொடுக்க ஒரு சிறு டிகோடர் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியை வாங்காமல் வயரை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரியான பெட்டியை மாட்டினேன். நிறுத்திய காரில் எண் 0.04-க்கு வந்தது.

உங்கள் காரில் ஸ்டீரியோ ஃபியூஸை உருவினால் எண் விழுகிறதா என்று தெரிந்த மின் மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது யாரும் என்ஜினைக் கிளப்பிவிடக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும். சிவப்பு வயர் சரியாக இருந்தும் எண் குறையவில்லை என்றால், ஸ்டீரியோவின் அமைப்புகளில் ‘உடனடித் தொடக்கம்’ அல்லது ‘ஸ்லீப்’ என்று இருக்கும். அதன் நேரத்தைக் குறைத்துவிடுங்கள். திறக்க அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்களும் பழைய ரிவர்ஸ் கேமராவும் புதுத் திரையில் வேலை செய்யுமா? பழைய வயர்களை வெட்டினால்தான் முடியும் என்கிறார் கடைக்காரர். – இரு வாசகர்கள்

வெட்ட விடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்று ஒரு பக்கம் பழைய கப்ளரோடும் மறுபக்கம் புது ஸ்டீரியோவோடும் பொருந்தும் இணைப்பு வயர்த்தொகுதி கிடைக்கும். நாளை காரை விற்கும்போது பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டலாம். உத்தரவாதம் பற்றிய பேச்சு வந்தாலும் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். வெட்டி முறுக்கிய வயர் மழைக்காலத்து ஈரத்திலும் கோடைச் சூட்டிலும் என்றாவது ஒரு நாள் தளரும்.

ஸ்டீயரிங் பொத்தான்கள் பழைய கார்களில் எளிய விஷயம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தடை மதிப்பு. ஸ்டீரியோ அதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும். புதிய கார்களில் மேலே சொன்ன டிகோடர் பெட்டி வேண்டும். வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்கு அது உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கேமராவில் கவனம் வேண்டும். காரோடு வந்த சில கேமராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை. ரிவர்ஸ் விளக்கிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் அந்த நொடியே எரிந்துவிடும். புதிதாக ஏஹெச்டி என்னும் கூடுதல் தெளிவுள்ள கேமரா வாங்கினால் ஸ்டீரியோவும் அந்த வகையை ஏற்க வேண்டும். அமைப்புகளில் வகையை மாற்றாமல் விட்டுவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் உண்டு.

கேள்வி: கார் ஓடும்போது வீடியோ வரவில்லை. ஹேண்ட்பிரேக் வயரைத் தரையோடு இணைத்தால் வரும் என்கிறார்களே? – வாடகைக் கார் ஓட்டுபவர்

வரும். செய்யாதீர்கள். அந்த வெளிர்பச்சை வயர் இருப்பதே ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் மட்டும் முன்திரையில் படம் ஓட வேண்டும் என்பதற்காகத்தான். என்னிடம் வந்து கேட்டவர் எவருக்கும் நான் அதை இணைத்துக் கொடுத்ததில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பயணிகளுக்குப் படம் வேண்டுமென்றால் இருக்கையின் பின்புறத்தில் தனித்திரை வைத்துத் தருகிறேன்.

கேள்வி: புதுத் திரை வந்த பிறகு எஃப்எம் சரியாக எடுப்பதில்லை. பழைய ரேடியோவில் தெளிவாக இருந்தது. – ஓர் இல்லத்தரசி

ஆன்டெனாவின் அடியில் ஒரு சிறு பெருக்கி இருக்கும் காராக இருக்க வேண்டும். பழைய ரேடியோ ஆன்டெனா வயர் வழியாகவே அதற்கு 12 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. புதியது அனுப்பாது. ஸ்டீரியோவின் நீல வயரை ஆன்டெனா அடாப்டரில் தொங்கும் வயரோடு இணைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அப்படியும் இரைந்தால், ஜன்னலோரம் செருகியிருக்கும் மலிவு யுஎஸ்பி சார்ஜரையோ டேஷ் கேமராவையோ கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் காரில் ஏசி, இருக்கை, விளக்கு அமைப்பு எல்லாமே காரோடு வந்த திரையில்தான். கார்பிளே வயரில் வருகிறது. வயர் இல்லாமல் வேண்டும் என்பதற்காக முழுத் திரையையும் மாற்றலாமா? – ஒரு மருத்துவர்

வேண்டாம். யுஎஸ்பி துளையில் செருகும் சிறு அடாப்டர் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். காரின் அமைப்புகளோடு பிணைந்த திரையைப் பிடுங்குவது, ஒரு ஜன்னலை மாற்ற வீட்டுச் சுவரை இடிப்பது போல. வருமானம் போனாலும் இதை நான் தடுத்தே பேசுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 68. மகள் தொடுதிரை வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். எனக்குப் பொத்தான் வைத்த ரேடியோவே போதும் என்று தோன்றுகிறது. இரவில் திரை வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யுமோ என்றும் பயம். நான் காலத்துக்குப் பின்தங்கிவிட்டேனா? – ஒரு பெரியவர்

இல்லை, ஐயா. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது.

காரில் தொடுதிரை புதிதும் அல்ல. 1986-இலேயே பியூக் ரிவியேரா காரில் அதை வைத்தார்கள். அன்று எழுந்த கேள்விதான் இன்றும் இருக்கிறது: பொத்தானை விரல் தானாகக் கண்டுபிடிக்கும், கண்ணாடித் திரையில் எங்கே தொட வேண்டும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு ஒரு தடவைக்கு 2 விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்று இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அந்த 2 விநாடியில் கார் 44 மீட்டர் ஓடிவிடுகிறது. பாட்டின் சத்தத்தைக் குறைக்க 44 மீட்டர் குருட்டுப் பயணம் எதற்கு?

ஆகவே, மகளிடம் மறுக்க வேண்டாம். ஆனால் ஒலியளவுக்குத் திருகும் குமிழ் இருக்கும் திரையாக வாங்கித் தரச் சொல்லுங்கள். தொட்டால் ஒளிரும் தட்டைக் குறிகளை வைத்துவிட்டு அதையும் பொத்தான் என்பார்கள், ஏற்காதீர்கள். கடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, ஒரு முறை முழுவதுமாக நிறுத்திப் பாருங்கள். கை தடுமாறினால் அடுத்த மாடலைக் கேளுங்கள். குமிழ் உள்ளது கிடைக்கவில்லை என்றால், ஸ்டீயரிங் பொத்தான்கள் வேலை செய்வதை உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும் வாங்குங்கள்.

இரவு வெளிச்சத்துக்கு வழி இருக்கிறது. ஸ்டீரியோவின் பின்னால் ஆரஞ்சு நிற வயர் ஒன்று வரும். அதைக் காரின் விளக்கு வயரோடு இணைத்தால், முகப்பு விளக்கைப் போட்டதும் திரை தானாக மங்கி, வரைபடம் கறுப்புப் பின்னணிக்கு மாறிவிடும். பொருத்துபவர்கள் பலர் அதை மடித்து நாடா சுற்றி விட்டுவிடுவார்கள். பொருத்தும்போது அருகில் நின்று, ‘ஆரஞ்சு வயர் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள். இரவு வெளிச்சத்தை இருட்டிய பிறகு, காரில் உட்கார்ந்து உங்கள் கண்ணுக்கு ஏற்ப நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கடைக்காரர் வைத்துத் தரும் அளவு இரவுக்கு எப்போதும் அதிகம்.

பிறகு மகளை ஒரு மாலை பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் கேட்கும் வானொலி நிலையங்களை முதல் ஆறு இடங்களில் பதியச் சொல்லுங்கள். நீங்கள் அடிக்கடி பேசும் நால்வரின் பெயரைக் குரலில் சொன்னால் அழைப்பு போகும்படி போனில் அமைக்கச் சொல்லுங்கள். பெயர்களை உங்கள் குரலிலேயே, கார் நின்றிருக்கும்போது, இரண்டு மூன்று நாள் சொல்லிப் பழகுங்கள். அதன் பிறகு காரை வெளியே எடுங்கள்.